கொள்ளைநோய்க் காலத்திலே தாதியரும் மருத்துவிச்சியரும்

நோய் தீர்க்கும் முயற்சியிலே மருத்துவனும் மருந்தும் மாத்திரமே முதன்மையானவை என்று எண்ணுதல் பொதுவழக்கு. பழைய நூலோர் அவ்வாறு எண்ணினாரல்லர். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாட்டு, நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் அருகே நின்று பணி புரிபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. சரகசங்கிதையும் இந்நான்கினையே மருத்துவத்தின் நான்கு பாதங்களெனக் கொள்கின்றது. நான்காம் பாதமாகிய பணியாளனிடத்தே பணிமுறை அறிவு, கைத்திறன், நோயாளிபால் அன்பு, தூய்மை என்னும் நான்கு இயல்புகள் அமைதல் வேண்டுமென்றும் அந்நூல் விதிக்கின்றது. நான்கு பாதங்களுள் ஒன்று முறிந்தாலும் மருத்துவம் நில்லாது என்பது இக்கருத்தின் உட்கிடை.

பணியாளர் நோயாளிக்கு ஈய வேண்டுவன எவை என்பதனை இந்நூல்கள் கூறின. நாடெங்கும் கொள்ளைநோய் பரவி, ஓய்வின்றி மாதக்கணக்கிற் பணிபுரிய நேரும்போது அப்பணியாளருக்கு நேர்வது யாது என்ற வினாவினை அவை எழுப்பவில்லை. அண்மைக் காலம் வரை பிறரும் அதனை மிகுதியாக எழுப்பினாரல்லர். கொள்ளைநோய் வரலாறுகளிலே இறந்தோர் தொகையும், கிருமியைக் கண்டறிந்த அறிஞர் பெயரும், அரசினர் விதித்த கட்டளைகளும் இடம்பெற்றன. நோயாளியின் தலைமாட்டிலே நின்றவர் கதை பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே ஒதுங்கிற்று. 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சா, 2003 ஆம் ஆண்டின் சார்ஸ், 2014 ஆம் ஆண்டின் எபோலா, 2020 ஆம் ஆண்டின் கொவிட் ஆகிய நான்கு நோய்க் காலங்களிலே தாதியரும் மருத்துவிச்சியரும் உடலாலும் உள்ளத்தாலும் உலகியல் நிலையாலும் எய்திய விளைவுகளை ஒப்புநோக்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தற்காலத் தாதிமையின் தாய் எனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் வரலாறே இவ்வாராய்ச்சிக்கு ஒரு தோற்றுவாயாக அமைகின்றது. 1854 ஆம் ஆண்டின் இறுதியிலே தாதியர் 38 பேருடன் அவர் துருக்கி நாட்டின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். அங்கே படைவீரர் போர்ப்புண்ணினும் மிகுதியாகப் பேதியாலும் சன்னிக் காய்ச்சலாலும் மாண்டனர். இரவில் விளக்கேந்தி நோயாளரிடையே உலாவிய பெண்மணி என்ற உருவத்தை இங்கிலாந்து மக்கள் நெஞ்சிற் பதித்துக்கொண்டனர். 1855 ஆம் ஆண்டு மே மாதத்திலே அவர் தாமே கொடுங்காய்ச்சலுற்று உயிருக்குப் போராடினார் என்பதையும், நாடு திரும்பிய பின் நீண்ட ஆண்டுகள் நோயாளியாகவே வீட்டினுள் அடங்கி வாழ நேர்ந்தது என்பதையும் அறிந்தோர் சிலரே. விளக்கு நினைவில் நின்றது; விளக்கேந்திய கை தளர்ந்தமை மறக்கப்பட்டது. பின்வந்த கொள்ளைநோய்க் காலங்களிலும் இவ்வாறே நிகழ்ந்தமையைக் காணலாம்.

முதலிலே 1918 ஆம் ஆண்டினை நோக்குவோம். முதல் உலகப் போர் முடிவுறுந் தறுவாயில் எழுந்த இன்புளுவென்சா 1918 இன் வசந்தகாலத்தில் ஓரளவு மென்மையாகவும், அவ்வாண்டின் பிற்பகுதியில் மிகக் கொடூரமாகவும், 1919 இன் தொடக்கத்தில் மூன்றாம் முறையாகவும் உலகைச் சூழ்ந்தது. உலக மக்களுள் மூன்றிலொரு பங்கினர் நோயுற்றனர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பீடு. மாண்டோர் தொகை 5 கோடி அளவினதாகலாம் என்பர் பலர். அதனினுங் குறைத்துக் கூறுவோரும் கூட்டிக் கூறுவோரும் உளர். முதியோரையும் குழவிகளையுமன்றி, இருபது முதல் நாற்பது வயதினரையும் இந்நோய் பெருமளவிற் பலிகொண்டது. இவ்வயதே தாதியர் பலரின் வயது. பிள்ளை பெறும் மகளிரின் வயதும் அதுவேயாம்.

அந்நோய்க்கு மருந்து இருக்கவில்லை. நோயை விளைக்கும் வைரசு மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது 1933 இலேதான். நுரையீரற் சுரத்தைத் தடுக்கவல்ல பெனிசிலினை அலெக்சாந்தர் பிளெமிங் கண்டதும் 1928 இலேயாம். ஆதலின் 1918 இல் வைத்தியர் செய்யக்கூடியது சிறிது; தாதி செய்யக்கூடியதோ பெரிது. காய்ச்சலைத் தணிக்க உடலை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தல், நனைந்த விரிப்புகளை மாற்றுதல், சாளரங்களைத் திறந்து நல்ல காற்று வரச் செய்தல், நீரும் கஞ்சியும் சிறிது சிறிதாக ஊட்டுதல், நோயாளி எழுந்து நடமாடாவண்ணம் காத்தல் ஆகிய எளிய பணிகளே உயிர் காத்த பணிகளாயின. அமெரிக்க நகரங்கள் பலவற்றிலே வைத்தியரினும் தாதியரே மிகுதியாக வேண்டப்பட்டனர். ஆயின் பயிற்சி பெற்ற தாதியருட் பெரும்பகுதியினர் போர்க்களங்களுக்கும் படைமுகாம்களுக்கும் சென்றுவிட்டிருந்தனர்.

பிலடெல்பியா நகரின் கதை யாவரும் அறிந்தது. 1918 செப்ரெம்பர் 28 ஆம் நாள் போர்க்கடன் திரட்டும் பொருட்டு நடைபெற்ற ஊர்வலத்திலே ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் திரண்டனர். சில நாட்களில் வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. ஆறு வாரத்துள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். தாதியர் போதாமையின் கத்தோலிக்கத் துறவியர் இரண்டாயிரம் பேரளவில் மடங்களை விட்டு வெளிவந்து நோயாளரைப் பேணினர். அவருட் பெரும்பாலார் முன்னர் ஒருபோதும் நோயாளரைப் பேணியறியாதவர். நியூயோர்க் நகரிலே, ஹென்றி வீதி நிலையத்தை 1893 இல் நிறுவிய லில்லியன் வால்ட் அம்மையார், பல நிறுவனங்களைச் சேர்ந்த தாதியரையெல்லாம் ஓர் அவசர மன்றத்தின் கீழ் ஒன்றுகூட்டினார். அத்தாதியர் வந்தேறு குடிமக்கள் நெருங்கி வாழ்ந்த அடுக்குமாடிகளிலே படியேறிப் படியிறங்கி, வீடு வீடாகச் சென்றனர். குடும்பம் முழுவதும் ஒரே அறையிற் கிடக்கக் கண்டபோது, நோயாளரைப் பேணுதலோடு அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சுதலும், தாயிழந்த குழந்தைகளுக்கு உறைவிடம் தேடுதலும் அவர்தம் கடமையாயின.

இப்பணிக்குத் தாதியர் செலுத்திய விலை சிறிதன்று. போர்ச்சேவையின்போது உயிர் நீத்த அமெரிக்கத் தாதியர் முந்நூறு பேரளவினர். அவருட் பெரும்பாலார் பகைவரின் குண்டுக்கன்றி நோய்க்கே இரையாயினர். அவுஸ்திரேலியாவிலும் இதனை ஒத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1918 டிசம்பரில் பூனா என்னும் கப்பல், போர் முடிந்து திரும்பும் படையினர் பலர் நோயுற்ற நிலையில் மேற்கு அவுஸ்திரேலியாவின் பிறிமாண்டில் துறையை அணுகிற்று. நோயாளர் வூட்மன் முனைத் தடுப்பு நிலையத்தில் இறக்கப்பட்டனர். வேறொரு கப்பலில் வீடு திரும்பிக்கொண்டிருந்த இராணுவத் தாதியருட் சிலர் தாமாக முன்வந்து அவர்களைப் பேணச் சென்றனர். அங்கு மாண்டவருள் தாதியர் நால்வரும் அடங்குவர். போர் முடிந்து நவம்பர் 11 இல் உலகம் மகிழ்ந்து கொண்டாடிய ஒரு மாதத்தின் பின்னரே, வீட்டு வாயிலை எட்டிய நிலையில் அவர்கள் இறந்தனர்.

ஆளில்லை என்று அரற்றிய அதே அமெரிக்காவிலே, பயிற்சி பெற்ற தாதியர் ஒரு சாரார் பணிக்கு அழைக்கப்படாமலே காத்திருந்தனர். அவர்கள் கறுப்பினத் தாதியர். தங்கள் சங்கத்தின் தலைவியாயிருந்த ஆடா தோம்ஸ் அம்மையார் வாயிலாக அவர்கள் பலமுறை விண்ணப்பித்தும் இராணுவம் இணங்கவில்லை. நோய் முற்றி ஆள் கிடைக்காத நிலை வந்த பின்னரே, போர் ஓய்ந்த 1918 டிசம்பரில், அவருள் 18 பேர் ஒகாயோவிலும் இல்லினோயிலும் இருந்த இரண்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். நோயாளரை அவர்கள் இனபேதமின்றிப் பேணினர். உறைவிடம் மாத்திரம் அவர்களுக்கு வேறாக ஒதுக்கப்பட்டது. 1919 ஓகஸ்டில் அவர்கள் பணியினின்று விடுவிக்கப்பட்டனர். கொள்ளைநோய் சாதியும் இனமும் பாராது வரும் என்பர். அதனை எதிர்த்து நிற்கும் உரிமையோ அவற்றைப் பார்த்தே வழங்கப்பட்டது.

மருத்துவிச்சியரின் துயரம் வேறொரு வகையது. கருவுற்ற மகளிரை இன்புளுவென்சா மிகக் கொடுமையாகத் தாக்கிற்று. அமெரிக்காவிலே 1,350 கருவுற்ற நோயாளரைப் பற்றி ஹரிஸ் என்னும் வைத்தியர் 1919 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் நுரையீரற் சுரமுற்றனர். நூற்றுக்கு 27 பேர் இறந்தனர். கருச்சிதைவும் குறைமாதப் பேறும் மிகுந்தன. பிறப்பினை வரவேற்பதே தன் தொழிலாகக் கொண்ட மருத்துவிச்சி, ஒரே படுக்கையிலே தாயையும் சேயையும் இழக்கும் காட்சியை மீட்டும் மீட்டும் காண நேர்ந்தது. தாதிக்கு மரணம் தொழிலோடு ஒட்டிய ஒன்று; மருத்துவிச்சிக்கோ அது தொழிலின் மறுப்பேயாம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் நிலை வேறு. 1918 இல் பம்பாய்த் துறைமுகத்தினூடாகப் புகுந்து, இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட இந்நோய், கொழும்பையும் அவ்வாண்டிலேயே எட்டி மலைநாட்டுத் தோட்டங்கள் வரை பரவிற்று. இந்நாடுகளிலே பயிற்சி பெற்ற தாதியர் மிகச் சிலரே. ஆதலின் தாய், மனைவி, தமக்கை, அயல்வீட்டுக் கிழவி என்போரே தாதியராயினர். பிற நாடுகள் பலவற்றுக்கு மாறாக இந்தியாவிலே ஆண்களினும் பெண்களே மிகுதியாக இறந்தனர் என்பதனைக் குடித்தொகை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். நோயாளரை நெருங்கிப் பேணியமையும், எல்லார்க்கும் ஊட்டிய பின் எஞ்சியதையே உண்டு மெலிந்திருந்தமையும் அதற்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன. அப்பெண்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் தாதியர் என்ற தலைப்பின் கீழ் எழுதப்படவில்லை.

ஈண்டு ஒரு நுட்பம் கருதற்பாலது. நான்சி பிறிஸ்ரோ என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியை 1918 ஆம் ஆண்டு வைத்தியரும் தாதியரும் விட்டுச்சென்ற குறிப்புக்களை ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளார். வைத்தியரின் எழுத்துக்களிலே தோல்வியுணர்வும் நாணமும் மேலோங்கி நின்றன. கிருமியை வென்றுவிட்டோம் என்று பெருமிதங்கொண்ட ஒரு தலைமுறைக்கு அது பேரிடியாயிற்று. தாதியரின் எழுத்துக்களிலோ, களைப்பும் துயரமும் இருந்தபோதிலும், கடமையைச் செம்மையாகச் செய்தோம் என்ற நிறைவு பெரிதும் காணப்பட்டது. இதன் காரணத்தை உய்த்துணர்தல் அரிதன்று. நோயாளியின் நெற்றியைக் குளிர்வித்தல், நாவை நனைத்தல், இறப்போரின் கையைப் பற்றியிருத்தல் என்பவற்றையே தாதி தன் தொழிலாகக் கற்றாள். அத்தொழிலை ஆற்ற நோய் அவளுக்குத் தடையாகவில்லை. பணியின் மிகுதி அவள் உடலை வருத்தியது. பணியின் பொருளை அது பறிக்கவில்லை.

நோய் தணிந்தபின் உலகம் அதனை விரைந்து மறந்தது. அல்பிரட் குறொஸ்பி என்னும் வரலாற்றாசிரியர் இதனை அமெரிக்கா மறந்த கொள்ளைநோய் என்றே பெயரிட்டு நூல் செய்தார். ஆயினும் போரிலும் நோயிலும் தாதியர் ஆற்றிய பணி முற்றிலும் பயனின்றிப் போகவில்லை. இங்கிலாந்திலே நெடுங்காலம் இழுபட்ட தாதியர் பதிவுச் சட்டம் 1919 டிசம்பரிலே நிறைவேறியது. அதே ஆண்டிலே கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே தாதியருக்கான பட்டப் படிப்பு தொடங்கியது. பதவிநிலை யாதுமின்றிப் பணிபுரிந்த அமெரிக்க இராணுவத் தாதியருக்கு 1920 இல் அதிகாரிகளை ஒத்த ஒரு நிலை, முழு உரிமைகளின்றியேனும், வழங்கப்பட்டது. தொழிலின் மதிப்பு உயர்ந்தது. அத்தொழிலைச் செய்தோர் எய்திய இழப்பினை அளந்தார் எவருமிலர்.

அளக்கும் முயற்சி 2003 இல்தான் தொடங்கியது எனலாம். அவ்வாண்டு ஆசியாவிலிருந்து பரவிய சார்ஸ் நோய் உலகெங்கும் 8,096 பேரைப் பற்றி 774 பேரைக் கொன்றது. நோயுற்றோருள் 1,706 பேர், அஃதாவது ஐவரில் ஒருவர், மருத்துவப் பணியாளர். கனடாவின் ரொறன்ரோ நகரிலே தாதியர் இருவரும் வைத்தியர் ஒருவரும் இந்நோயால் இறந்தனர். தாதியர் பலர் வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமிடையே அன்றி வேறெங்குஞ் செல்லலாகாதென விதிக்கப்பட்டனர். வீட்டிலும் முகவுறை அணிந்து, தனியறையிற் படுத்து, தம் குழந்தைகளைத் தொடாமல் வாழ்ந்தனர்.

ரொறன்ரோவின் அனுபவத்திலே மிக முக்கியமான செய்தி வேறொன்று. 2003 மே மாதத்தில் நோய் ஒழிந்தது எனக் கருதப்பட்டுக் காப்புவிதிகள் தளர்த்தப்பட்டன. அப்போது நகரின் வைத்தியசாலையொன்றிலே தாதியர் சிலர், நோயாளரிடத்தே மீண்டும் அதே குறிகள் தோன்றுகின்றன என எச்சரித்தனர். அவர் கூற்று ஏற்கப்படவில்லை. சில நாட்களுள் நோயின் இரண்டாம் எழுச்சி வெளிப்பட்டது. நீதிபதி ஆர்ச்சி காம்பெல் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 2007 இல் வெளிவந்த தன் அறிக்கையிலே இதனை விரிவாக ஆராய்ந்தது. அறிவியல் முற்றிலும் உறுதிப்படும் வரை காத்திராது, ஐயமுள்ளபோதே பணியாளரைக் காக்கும் நடவடிக்கை எடுத்தல் வேண்டும் என்பது அதன் தலையாய முடிவு. நோய் நீங்கி 13 முதல் 26 மாதங்களின் பின் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு, சார்ஸ் நோயாளரைப் பேணிய வைத்தியசாலைகளின் பணியாளரிடத்தே, ஏனைய வைத்தியசாலைகளின் பணியாளரைவிட மனச்சோர்வும் உளைச்சலும் மிக்கிருந்தமையைக் காட்டியது. நோயாளரை நேரிற் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டோரும் அவரிடையே கூடுதலாக இருந்தனர். கொள்ளைநோய் ஓய்ந்த பின்னும் அதன் தாக்கம் பணியாளரின் உள்ளத்தில் ஓய்வதில்லை என்பது இதனால் உறுதியாயிற்று.

2014 இல் மேற்கு ஆபிரிக்காவின் கினி, லைபீரியா, சியேரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் எழுந்த எபோலா, உலகெங்கும் பரவிய நோயன்று. எனினும் இப்பொருளுக்கு இன்றியமையாத சான்றாகும். பொதுமக்களினும் மருத்துவப் பணியாளர் அந்நோயுறும் வாய்ப்பு 21 முதல் 32 மடங்கு மிகுதி என உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கணித்தது. நோயுற்ற பணியாளருள் பாதிக்கு மேற்பட்டோர் தாதியரும் தாதி உதவியாளருமேயாவர். சியேரா லியோனின் கெனிமா நகர வைத்தியசாலையிலே நோயாளரைப் பேணிய தாதியர் பலர் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அவர்தம் தலைவியாகிய ம்பாலு பொன்னி 2014 சூலை மாதத்தில் இறந்தார். மருத்துவிச்சியருக்கோ ஒவ்வொரு பிள்ளைப்பேறும் ஓர் உயிர்ச்சோதனை ஆயிற்று. எபோலா குருதியாலும் உடல்நீராலும் தொற்றுவது. பிள்ளைப்பேறு அவ்விரண்டுமின்றி நிகழாதது. கருவுற்ற பெண்ணொருத்தி குருதிப்போக்குடன் வந்தால் அது பேற்றுக்காலத் துன்பமா எபோலாவா எனத் தொடாமல் அறிதல் அரிது. தொட்டு அறிதல் அபாயம்.

லைபீரியாவைச் சேர்ந்த சலோமி கார்வா என்பவரின் வரலாறு ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. எபோலாவால் தாய்தந்தையரை இழந்து, தாமும் நோயுற்றுப் பிழைத்து, பின்னர் அதே சிகிச்சை நிலையத்திலே பிற நோயாளரைப் பேணிய அவர், 2014 இல் ரைம் சஞ்சிகை ஆண்டின் சிறந்த மாந்தராகத் தெரிந்த எபோலாப் பணியாளருள் ஒருவர். 2017 பெப்ருவரியிலே, குழந்தை பெற்ற சில நாட்களுள், வலிப்புற்று வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, எபோலாவினின்று பிழைத்தவர் என்ற அச்சத்தால் அங்குள்ளோர் அவரைத் தொடத் தயங்கினர் என அவர் குடும்பத்தார் கூறினர். அவர் இறந்தார். உலகம் போற்றிய பணியாளர் தமக்குப் பணியாளர் இன்றி மாண்டமை, புகழ்ச்சி பாதுகாப்பாகாது என்பதற்குத் துயரமான சான்று.

இனிக் கொவிட் காலத்துக்கு வருவோம். நைற்றிங்கேல் அம்மையாரின் இருநூறாவது பிறந்த ஆண்டு என்பது கருதி, 2020 ஆம் ஆண்டினைத் தாதியருக்கும் மருத்துவிச்சியருக்கும் உரிய சர்வதேச ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் முன்னரே அறிவித்திருந்தது. அவ்வாண்டு மார்ச்சு 11 ஆம் நாள் அதே நிறுவனம் கொவிட் நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. கொண்டாட்ட ஆண்டு சோதனை ஆண்டாயிற்று. உலகில் 2 கோடி 79 இலட்சம் தாதியர் உளர் என்றும், மேலும் 59 இலட்சம் பேர் தேவை என்றும் அந்நிறுவனத்தின் அறிக்கை 2020 ஏப்பிரலிலே கூறியது. தாதியருட் பதின்மரில் ஒன்பதின்மர் பெண்கள். 2020 சனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் மருத்துவப் பராமரிப்புப் பணியாளர் ஏறத்தாழ 1,15,000 பேர் கொவிட் நோயால் இறந்திருக்கலாம் என்பது அந்நிறுவனத்தின் நடுநிலை மதிப்பீடு.

இறந்தோர் தொகை இவ்வாறாக, வாழ்ந்தோர் நிலையும் நோக்கற்பாலது. இங்கிலாந்தின் ஒன்பது தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலே 2020 சூன், சூலை மாதங்களில் 709 பணியாளரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்றில், பாதியளவினர் கடும் மனவடு, பெருஞ்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் என்பவற்றுள் ஒன்றினுக்குரிய குறிகளையேனும் காட்டினர். எழுவர் அல்லது எண்மரில் ஒருவர், இறந்துபோதல் நன்று அல்லது தம்மைத் தாமே வருத்திக்கொள்ளல் வேண்டும் என்ற எண்ணம் அடிக்கடி எழுவதாகக் கூறினர். வைத்தியரினும் தாதியரிடத்தே இத்துயரம் மிகுதி. 1918 இன் தாதியர் எழுத்திலே காணப்பட்ட நிறைவு, ஒரு நூற்றாண்டின் பின், மருந்தும் கருவியும் மலிந்த காலத்திலே ஏன் குன்றிற்று என்பதே வரலாறு விடுக்கும் வினா.

1918 ஆம் ஆண்டுத் தாதியரின் உள்ளத்தை அந்நாளில் எவரும் அளந்து பார்க்கவில்லை; ஆதலின் இரு காலங்களையும் நிறுத்து ஒப்பிடல் இயலாது என்பது மெய். எனினும் ஒரு வேறுபாடு தெளிவு. செய்யத்தக்கது இன்னதென அறிந்தும், சூழ்நிலையின் தடையால் அதனைச் செய்யவொண்ணாத நிலையிலே பிறக்கும் வேதனையை, அண்ட்ரூ ஜேம்ற்றன் என்னும் மெய்யியலறிஞர் தாதியர் அறவியல் பற்றி 1984 இல் எழுதிய நூலிலே தனியாகப் பிரித்துக் காட்டினார். அதனை அறவேதனை எனலாம். கொவிட் காலத்தில் இவ்வேதனை பெருகியது. தீவிர சிகிச்சைப் பிரிவிலே ஒரு நோயாளிக்கு ஒரு தாதி என்ற விதி தளர்ந்து, ஒருவரே பலரைக் கவனிக்க நேர்ந்தது. அப்பணியிற் பயிலாதோரும் அங்கே நிறுத்தப்பட்டனர். முகத்தை மறைக்கும் உறையும் கையை மறைக்கும் உறையும் தாதிக்கும் நோயாளிக்கும் இடையே நின்றன. உற்றார் உள்ளே வரலாகாதென்ற விதியால், இறப்போரின் செவியருகே தொலைபேசியைப் பிடித்து மக்களின் இறுதிச் சொற்களைக் கேட்பிக்கும் கடமை தாதியைச் சார்ந்தது. அவ்விதியை இயற்றியோர் கட்டிலருகே நிற்கவில்லை, நிறைவேற்றியவரே நின்றனர்.

மருத்துவிச்சியரும் இதே நிலையுற்றனர். பேற்று நோவின்போது தான் விரும்பும் ஒருவரைத் துணையாகக் கொள்ளல் தாயின் உரிமை எனவும், நோய்க் காலத்திலும் அது காக்கப்படல் வேண்டுமெனவும் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. ஆயினும் நாடுகள் பலவற்றின் வைத்தியசாலைகளிலே கணவனும் தாயும் வாயிலில் நிறுத்தப்பட்டனர். அழுது நிற்கும் பெண்ணிடம் அவ்விதியை எடுத்துரைத்தவர் மருத்துவிச்சி. அத்துணையின் இடத்தையும் தாமே நிரப்ப முயன்றவரும் அவரே. உலகிலே மருத்துவிச்சியர் 9 இலட்சம் பேர் குறைவாக உள்ளனர் என்று 2021 இல் வெளிவந்த அறிக்கை கூறியது. குறைந்த ஆட்களையும் வேறு பிரிவுகளுக்கு மாற்றிய இடங்கள் பல. பிள்ளைப்பேற்றினைத் தள்ளிவைத்தல் இயலாது என்பதனை எண்ணினார் சிலரே.

இலங்கையின் வரலாறு இங்கே ஓர் ஒளியைத் தருகின்றது. கொழும்பிலே 1879 இல் நிறுவப்பட்ட டி சொய்சா மகப்பேற்று மனையிலே மருத்துவிச்சியருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, பயிற்சி பெற்ற மருத்துவமாது ஊரூராக, வீடுவீடாகச் செல்லும் முறை வேரூன்றியது. தாயரின் மரணத்தைக் குறைத்து உலகின் பாராட்டைப் பெற்றமைக்கு இம்முறை ஒரு தலையாய காரணம் என்பர். 2020 இலும் 2021 இலும் நாடு முடங்கிக் கிடந்தபோது, கருவுற்ற தாயரைத் தொலைபேசி வாயிலாகவும் வாயிலில் நின்றும் விசாரித்தோரும், தடுப்பூசி நிலையங்களிலே நின்றோரும் இம்மருத்துவமாதர்களே. ஊரார் அவர்களைப் பெயர் சொல்லி அறிவர். வீட்டின் நிலையை அவர்கள் அறிவர். நோய்க் காலத்திலே புதிதாகப் படைக்க முடியாத இவ்வறிமுகம், அமைதிக் காலத்திலே ஆண்டுக்கணக்கில் விளைந்த செல்வமாகும்.

பெருந்தொற்றின் தொடக்கத்திலே மக்கள் மாடங்களில் நின்று கைதட்டினர். பிரித்தானியாவில் 2020 மார்ச்சு 26 முதல் வாரந்தோறும் வியாழக்கிழமை மாலையில், பத்து வாரம் இவ்வொலி எழுந்தது. 2021 மார்ச்சிலே, தாதியரின் ஊதியத்தை நூற்றுக்கு ஒன்று உயர்த்தலாம் என்று அரசினர் முன்மொழிந்தனர். பின்னர் அது மூன்றாக உயர்த்தப்பட்டது. 2022 டிசம்பரிலே இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நாடுகளின் தாதியர், தம் சங்கத்தின் நூற்றாண்டு கடந்த வரலாற்றிலே அதுவரை நிகழாத அளவில் வேலைநிறுத்தம் செய்தனர். இந்தியாவின் ஊர்தோறும் சென்று நோயாளரைத் தேடிக் கண்ட பத்து இலட்சமளவினரான ஆஷா பெண்கள், நிலையான ஊதியமின்றி ஊக்கத்தொகையே பெற்றவர்கள். 2020 ஓகஸ்டிலே அவருட் பலர் வேலைநிறுத்தஞ் செய்தனர். 2022 இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கிக் கௌரவித்தது. விருதும் கைதட்டலும் தீயவையல்ல. அவை ஊதியத்துக்கும் ஓய்வுக்கும் பாதுகாப்புக்கும் ஈடாக வைக்கப்படும்போதே தீயவையாகின்றன.

தாதிமை ஒரு தியாகம் என்ற சொல்லையும் இவ்விடத்திலே ஆராய்தல் தகும். தியாகம் என்பது கொடுப்பவர் தாமாகக் கொடுப்பது. முகவுறை போதாமையால் நோயுறுதலும், ஆட்குறைவால் பதினாறு மணிநேரம் நிற்றலும், எச்சரித்தும் கேட்பாரின்மையால் இறத்தலும் தியாகங்கள் அல்ல. அவை பிறர் செய்த பிழையின் விலை. வூட்மன் முனைக்குத் தாமாகச் சென்ற தாதியரின் செயல் தியாகம். ரொறன்ரோத் தாதியரின் சொல்லைக் கேளாமையால் விளைந்தது தியாகமன்று. இரண்டினையும் ஒரே சொல்லால் வழங்கும்போது முன்னதன் பெருமை குன்றுகின்றது. பின்னதன் குற்றம் மறைகின்றது.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். கொள்ளைநோய்க் காலத்திலே தாதியரையும் மருத்துவிச்சியரையும் வருத்துவது நோயின் கொடுமை மாத்திரமன்று. ஆட்குறைவும், புறக்கணிப்பும், தம் தொழிலைத் தாம் கற்றவாறு செய்யவொண்ணாமையுமே அவர் உள்ளத்தை மிகுதியாக வடுப்படுத்துகின்றன. நோயின் குறியை முதலிற் காண்போர் பெரும்பாலும் அவர்களேயாதலின், அவர் சொல்லைக் கேளாத அமைப்பு நோயாளரையும் காக்கமாட்டாது. நோய் தணிந்தபின் ஆண்டுகள் கடந்தும் அவ்வடு நிலைக்குமாதலின், பேணியவரைப் பேணும் கடமை நோயோடு முடிவதன்று.

2023 மே 5 ஆம் நாள் கொவிட் அவசரநிலை முடிவுற்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1918 இன் நோய் மறக்கப்பட்டவாறே இதுவும் மறக்கப்படலாம். மறதி மனித இயல்பு. ஆயினும் மருத்துவத்துக்கு நான்கு பாதங்கள் உண்டென்று வகுத்த முன்னோர், நான்காம் பாதத்தைக் கடைசியிற் கூறினாரேயன்றிக் கடைப்பட்டதாகக் கூறினாரல்லர். அடுத்த கொள்ளைநோய் வருமுன் அப்பாதத்தை உறுதிசெய்து கொள்ளுதல் ஒவ்வொரு சமுதாயத்துக்கும் உரிய கடனாகும்.